கொழுப்பைத் திட்டும் கொழுப்பு

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஆரோக்கிய வாரம் கொண்டாடுவார்கள். அந்த ஐந்து நாட்களும் கேண்டீனில் சமோசா கிடையாது, முளைகட்டிய பயறுதான். தரைத்தளத்தில் ஒரு எடை இயந்திரம், உயரம் அளக்க ஒரு கம்பம், பக்கத்தில் ஒரு டேப்லெட். ஏறி நின்றால் பிஎம்ஐ கணக்கிடும். 25-க்குக் கீழே என்றால் பச்சைக் கைப்பட்டை, மேலே என்றால் சிவப்பு. வாரம் முழுக்க அதைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். கேட்டால் விழிப்புணர்வு என்பார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு எனக்குப் பச்சை கிடைத்தது, 23.6. என் எதிர் இருக்கையில் டெஸ்டிங் பார்க்கும் அக்காவுக்கு 31, சிவப்பு. லிஃப்டில் ஒரு பையன் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு "படிக்கட்டுல போலாமே மேடம்" என்று சிரித்தான். நானும் லேசாகச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் கம்பெனி செலவில் முழு உடல் பரிசோதனை. அக்காவின் ஸ்கேன் அறிக்கையில் கல்லீரல் இயல்பு. என்னுடையதில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'. அக்கா என் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "அந்தப் பச்சைப் பட்டையக் கழட்டி இங்க குடுப்பா" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குப் பிடித்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்துக்குப் பின்னால் வேறொரு பழைய விஷயமும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

தமிழில் கொழுப்பு என்பது உடலில் இருக்கும் ஒரு பொருள் மட்டுமல்ல, குணக்கேட்டின் பெயரும்கூட. "என்ன கொழுப்பு இவனுக்கு", "கொழுப்பெடுத்து அலையுறான்", "தின்னு கொழுத்தவன்". திமிர், சோம்பல், அடுத்தவன் உழைப்பில் தின்பது எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறோம். பஞ்சம் பார்த்த சமூகத்தில், வயிறு நிறையத் தின்ன முடிந்தவன் பெரும்பாலும் ஊரை ஆண்டவனாக இருந்த காலத்தில், அந்த வசவுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் அதே வசவை வெள்ளைக் கோட்டு மாட்டி மருத்துவமனைக்குள்ளும், ஆப் வடிவத்தில் அலுவலகத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம். ஃபேட்டி லிவர் என்றதும் நம் மனதில் ஓடும் கதை இதுதான்: கண்டதைத் தின்றான், உடம்பில் கொழுப்பு ஏறியது, மிஞ்சியது கல்லீரலில் படிந்தது, ஆக கொழுப்புதான் வில்லன்.

இந்தக் கதை தப்பு. பாதி தப்புகூட இல்லை, வில்லனையே மாற்றிச் சொல்கிற தப்பு. உடலின் கொழுப்புத் திசு கல்லீரலின் எதிரி அல்ல, அதன் காவலாளி. காவலாளி களைத்து விழும்போதுதான் கல்லீரல் கெடுகிறது. அவன் எந்த எடையில் விழுவான் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். இதைப் புரிந்துகொள்ளாமல் எடை இயந்திரத்தை நீதிபதியாக உட்கார வைத்ததால் நாம் குண்டானவர்களை அவமானப்படுத்துகிறோம், ஒல்லியானவர்களைச் சாகவிடுகிறோம். இதுதான் என் தரப்பு. ஆதாரங்களைப் பார்ப்போம்.

சாப்பிட்டு முடித்ததும் இன்சுலின் சுரக்கிறது. அது கொழுப்புச் செல்களுக்கு இரண்டு உத்தரவு போடுகிறது: வருவதை உள்ளே எடுத்து வை, இருப்பதை வெளியே விடாதே. பட்டினி கிடக்கும்போது இன்சுலின் இறங்கும், செல்கள் சேமிப்பை உடைத்துக் கொழுப்பமிலங்களாக ரத்தத்தில் விடும், மற்ற உறுப்புகள் அதை எரித்துக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. கொழுப்பை ஆபத்தில்லாமல் வைத்திருக்க இவ்வளவு பொருத்தமாக அமைந்த இடம் உடலில் வேறில்லை. கல்லீரலுக்கும் தசைக்கும் அது தற்காலிகச் சரக்கு, கொழுப்புச் செல்லுக்கு மட்டுமே அது தொழில்.

பிரச்சினை, செல்கள் திணறும்போது தொடங்குகிறது. அளவுக்கு மீறி உப்பிய கொழுப்புச் செல்லுக்குப் பிராணவாயு போதாது. சில செல்கள் மடிகின்றன, அவற்றைச் சுற்றி மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன, அழற்சி பரவுகிறது. பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவே டிஎன்எஃப்-ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதத்தைச் சுரக்கிறது, அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்று 1993-ல் ஹோட்டமிஸ்லிகிலும் ஸ்பீகல்மனும் காட்டினார்கள். அதன்பின் இன்சுலின் போடும் உத்தரவு அந்தச் செல்களின் காதில் விழுவதில்லை. சாப்பிட்ட பிறகும் சேமிப்பு கசிந்துகொண்டே இருக்கும். கல்லீரல் தன் வாசலுக்கு வருவதைத் திருப்பி அனுப்பத் தெரியாத உறுப்பு, வரவு கூடினால் கூடுதலாக எடுத்து வைக்கும்.

2005-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு ஆய்வு நடந்தது. கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்தவர்களின் உடலில், அடையாளமிட்ட மூலக்கூறுகளைக் கொண்டு அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்தார்கள். சுமார் 59 சதவீதம் ரத்தத்தில் மிதந்துவந்த கொழுப்பமிலங்கள், அதாவது பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலிருந்து கசிந்தவை. 26 சதவீதம் கல்லீரலே சர்க்கரையிலிருந்து தயாரித்தது. நேரடியாகத் தட்டிலிருந்து வந்தது 15 சதவீதம்தான். ஆய்வில் இருந்தவர்கள் சிலரே என்றாலும், தின்ற எண்ணெய் வழிந்து கல்லீரலில் படிகிறது என்ற நம் சமையலறைப் படத்தை இது கலைத்துவிடுகிறது. கசிவுதான் முதல் குற்றவாளி.

"சரி, கசிவதே கொழுப்புத் திசுவிலிருந்துதானே, அப்போ அது வில்லன்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொழுப்புத் திசுவே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். லிப்போடிஸ்ட்ரோஃபி என்று ஒரு அரிய நோய். அதன் பிறவி வகையில் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பே கிட்டத்தட்ட இருக்காது, நரம்பும் தசையும் புடைத்துத் தெரியும். நம் கதைப்படி இவர்களுக்குக் கல்லீரல் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். நடப்பது நேரெதிர். கல்லீரல் கொழுப்பால் வீங்குகிறது, கடுமையான இன்சுலின் தடை வருகிறது, இளவயதிலேயே நீரிழிவு வருகிறது. வைக்க இடமில்லாத கொழுப்பு போகக்கூடாத இடத்துக்குப் போகிறது.

2000-ல் இதை எலிகளிடம் சோதித்தார்கள். மரபணு மாற்றத்தால் கொழுப்பே இல்லாமல் பிறந்த எலிக்கு வேறொரு ஆரோக்கியமான எலியின் கொழுப்புத் திசுவை அறுவை செய்து பொருத்தினார்கள். நீரிழிவு சரியானது, கல்லீரல் கொழுப்பும் குறைந்தது. கொழுப்பைச் சேர்த்தார்கள், கல்லீரல் தேறியது. 2007-ல் ஃபிலிப் ஷேரரின் குழு இன்னொரு படி போனது. ஏற்கெனவே பருமனான எலிகளில், கொழுப்புத் திசு சுரக்கும் அடிபோனெக்டின் என்னும் ஹார்மோனைக் கூட்டினார்கள். எலிகள் இன்னும் பயங்கரமாகக் குண்டாயின. ஆனால் கொழுப்பு கல்லீரலை விட்டுத் தோலடிக்கு நகர்ந்தது, ரத்தச் சர்க்கரை இயல்புக்கு வந்தது.

மனிதர்களில்? பயோகிளிட்டசோன் என்றொரு நீரிழிவு மாத்திரை. கொழுப்புத் திசுவின் கொள்ளளவைக் கூட்டுவது அது வேலை செய்யும் வழிகளில் ஒன்று. நீரிழிவு இல்லாத, கல்லீரல் அழற்சி உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2010-ல் வெளியாயின. கல்லீரல் கொழுப்பு குறைந்தது, எடையோ சராசரியாக 4 கிலோவுக்கு மேல் கூடியது. எங்கள் டேப்லெட் இவர்களுக்கு என்ன நிறத்தில் பட்டை கட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். (பக்கவிளைவுகள் உள்ள மருந்து, யாரும் தானாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.)

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு சான்று. 2004-ல் சாமுவேல் க்ளைன் குழுவினர் 15 பருமனான பெண்களுக்கு வயிற்றின் தோலடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் இன்சுலின் உணர்திறனில் முன்னேற்றமே இல்லை. எடை இயந்திரம் கைதட்டியிருக்கும், வளர்சிதை மாற்றம் கண்டுகொள்ளவே இல்லை. கிட்டங்கியின் ஒரு பகுதியை இடித்துவிட்டால் சரக்கு குறைந்ததாக ஆகுமா?

கிட்டங்கி என்ற சொல் தானாக வரவில்லை. என் சித்தப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் என்னைக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போவார். உளுந்து வரத்து அதிகமான ஒரு வருடம் மூட்டைகள் நடைபாதையிலும் கடை முகப்பிலும், கடைசியில் முதலாளி வீட்டுத் திண்ணையிலும் ஏறியது நினைவிருக்கிறது. "கிட்டங்கிக்குள்ள இருக்கிற மூட்டை பணம், திண்ணையில இருக்கிற மூட்டை எலிக்குத் தீனி" என்பார்.

சித்தப்பா ஐந்தடி நாலு அங்குலம். 60 கிலோவை அவர் தாண்டியதே இல்லை. கைகால் குச்சி, வேட்டிக்கு மேலே மட்டும் ஒரு சின்னத் தொப்பை. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. அதற்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார், கல்லீரலைப் பற்றி யாரும் அவரிடம் பேசவே இல்லை. ஒல்லியான மனுஷன், பேச என்ன இருக்கிறது? 58 வயதில் ஒருநாள் ரத்த வாந்தி எடுத்தார். ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். சிரோசிஸ். அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"நான் காப்பியே ரெண்டு வேளைதான் சார் குடிப்பேன்" என்றார் சித்தப்பா. மருத்துவர் நம்பவில்லை. சித்தியை வெளியே போகச் சொல்லிவிட்டுத் திரும்பக் கேட்டார். வைரஸ் பரிசோதனைகள் எல்லாம் இல்லை என்று வந்த பிறகு சந்தேகம் இன்னும் உறுதியானது. ஒன்றரை வருடத்தில் சித்தப்பா போய்விட்டார். துட்டி கேட்க வந்தவர்களில் ஒருவர், "ராத்திரி மண்டியில என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்" என்று சொன்னது சித்தி காதில் விழுந்தது. இன்றைக்கும் சித்தி என்னிடம் கேட்பது அந்த ஒரு கேள்விதான்: "நெசமாவே குடிக்காம இந்த நோய் வருமாய்யா?"

வரும். 1980-லேயே மயோ கிளினிக்கில் யூர்கன் லுட்விக் குழுவினர், குடிப்பழக்கத்தைக் காரணம் சொல்ல முடியாத 20 நோயாளிகளின் கல்லீரல் குடிகாரர்களின் கல்லீரல் போலவே அழற்சியுற்றிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த பெயரோ 'மதுசாராத' என்று தொடங்கியது. ஒரு நோய்க்கு 'இவர் திருடவில்லை' என்று பெயர் வைத்த மாதிரி. அந்தப் பெயர் மாற 2023 ஆனது. அந்த மாற்றத்துக்காகக் கருத்துக் கேட்கப்பட்ட நிபுணர்களிலும் நோயாளிப் பிரதிநிதிகளிலும் 61 சதவீதம் பேர் 'மதுசாராத' என்பதையும், 66 சதவீதம் பேர் 'ஃபேட்டி' என்பதையும் களங்கம் சுமத்தும் சொற்கள் என்றார்கள். இப்போதைய பெயர் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த கல்லீரல் நோய் என்ற பொருளில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு ஏழு வருடம் தாமதம்.

அவர் போன்ற ஒல்லி ஆளுக்கு இது ஏன் வந்தது? 2008-ல் ஸ்டாக்ஹோமில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழுவினர், அணுகுண்டு சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்துக் கொழுப்புச் செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். செல்களின் எண்ணிக்கை பால்யத்திலும் பதின்மத்திலும் ஏறக்குறைய தீர்மானமாகிவிடுகிறது. பிறகு வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் செத்துப் புதிதாக முளைத்தாலும் மொத்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை. அதாவது கிட்டங்கியின் அளவு பெரும்பாலும் நாம் கட்டியதல்ல, நமக்கு வாய்த்தது. சிறிய கிட்டங்கி வாய்த்தவன் கொஞ்சம் எடை கூடினாலே நிரம்பி வழிவான். பெரிய கிட்டங்கி வாய்த்தவர் 90 கிலோவிலும் தாங்குவார். நீரிழிவை ஆராயும் ராய் டெய்லர் இதைத் 'தனிநபர் கொழுப்பு வரம்பு' என்கிறார்.

நம் துணைக்கண்டத்துக்கு இதில் தனி அத்தியாயம் உண்டு. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டனின் ஜான் யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. யாஜ்னிக்கின் புனே ஆய்வில், சராசரியாக 2.7 கிலோ எடையில் பிறந்த இந்தியக் குழந்தைகளிடம், 3.5 கிலோவில் பிறந்த ஆங்கிலேயக் குழந்தைகளைவிடத் தசை வெகுவாகக் குறைந்திருந்தது, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பிறக்கும்போதே இப்படி என்றால், இதில் திமிரும் சோம்பலும் எங்கிருந்து வந்தன? சென்னையில் நடந்த ஒரு ஆய்வு 2009-ல் வெளியானது: ஸ்கேன் செய்த 541 பேரில் 32 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு, நீரிழிவு உள்ளவர்களில் பாதிக்கும் மேல். நகரத்தில் மூன்றில் ஒருவர் 'கொழுப்பெடுத்தவர்' என்றால் அந்த வசவில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது அந்த டேப்லெட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அது என் தொழில். பிஎம்ஐ கணக்கு பெல்ஜியத்தின் அடால்ஃப் க்வெட்லே 19-ஆம் நூற்றாண்டில் போட்டது. அவர் வானியலாளர், புள்ளியியலாளர், மருத்துவர் அல்ல. மக்கள்தொகையின் சராசரியைப் பிடிக்கத் தேடிய சூத்திரம் அது. 1972-ல் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். கும்பலை அளக்கச் செய்த கோலைத் தனிமனிதன் தலையில் தீர்ப்பாக இறக்குகிறோம். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே சொல்லிவிட்டது. இந்திய மருத்துவர்களின் 2009 பரிந்துரைப்படி 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் பருமன், ஆணின் இடுப்பு 90 செ.மீ., பெண்ணின் இடுப்பு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். என் இடுப்பு 92. எங்கள் செயலியில் ஒரே ஒரு நிபந்தனை வரியை மாற்றியிருந்தால், ஐம்பது ரூபாய் இஞ்ச் டேப் ஒன்று வாங்கியிருந்தால், எனக்குப் பச்சை கிடைத்திருக்காது. நான் மனிதவளத் துறைக்கு எழுதினேன். "விற்பனையாளரின் இயல்பு அமைப்பு அது" என்று பதில் வந்தது.

மறுபக்கக் கோஷ்டியையும் சும்மா விட மனமில்லை. கொழுப்பு காவலாளிதான் என்றால் எவ்வளவு ஏறினாலும் பரவாயில்லை என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை. எவ்வளவு பெரிய கிட்டங்கிக்கும் கூரை உண்டு. பருமன் கூடக்கூட ஃபேட்டி லிவர் வரும் வாய்ப்பும் கூடுகிறது, இதில் சந்தேகமே கிடையாது. எதிர் இருக்கை அக்காவின் கல்லீரல் இன்று சுத்தம் என்பது நிரந்தரச் சான்றிதழ் அல்ல, இது அவருக்கும் தெரியும். அவர் முட்டியும் ரத்த அழுத்தமும் தனிக் கணக்கு. நான் சொல்வது, அபாயத்தை அளக்க வேண்டிய இடத்தில் ஒழுக்கத்தை அளக்காதே என்பதுதான். தொப்பைக் கொழுப்பு நேராகக் கல்லீரலில் கொட்டுகிறது என்ற பிரபல விளக்கமும் முழுசாகச் சரியல்ல. 2004-ல் அளந்தபோது, குடல் பக்கமிருந்து கல்லீரலுக்குப் போகும் சிரையில் இருந்த கொழுப்பமிலத்தில் உள்ளுறுப்புக் கொழுப்பின் பங்கு ஒல்லியானவர்களிடம் சுமார் 5 சதவீதமும் பருமனானவர்களிடம் சுமார் 20 சதவீதமும்தான். மீதியில் பெரும்பகுதி உடலின் மற்ற இடங்களிலிருந்து வந்த கசிவு. பெருத்த தொப்பை பெரும்பாலும் திண்ணையில் ஏறிய மூட்டை, கிட்டங்கி நிரம்பிவிட்டது என்பதற்கான அறிவிப்பு. அதனால்தான் இடுப்பளவு முக்கியம்.

கல்லீரலைக் 'கழுவும்' பொடி விற்பவர்களைப் பற்றி ஒரே வரி: கசிவு நிற்காத வரை கழுவி என்ன பயன்?

கசிவை நிறுத்த வழி இருக்கிறது. கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி நோய் நீங்கியது, 45 சதவீதம் பேருக்குத் தழும்பே பின்வாங்கியது. ஹாங்காங்கில், பருமன் இல்லாதவர்களிடம் 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே பாதிப்பேருக்குக் கொழுப்பு நீங்கியது. 60 கிலோ சித்தப்பாவுக்கு அது இரண்டு, மூன்று கிலோ. எடைக் குறைப்பு வேலை செய்வது, மூட்டைகளைக் காலி செய்து கிட்டங்கிக்கு மூச்சு விட இடம் கொடுப்பதால். அது தண்டனை அல்ல, பராமரிப்பு. தழும்பு வரை போனவர்களுக்கு அமெரிக்காவில் 2024-ல் ரெஸ்மெடிரோமும் 2025-ல் செமாக்ளுடைடும் அனுமதி பெற்றன. மருந்துக்குப் பணிகிற ஒன்றைக் குணக்கேடு என்று எப்படிச் சொல்வது?

கண்டுபிடிக்கவும் பெரிய செலவில்லை. வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி, தட்டணு எண்ணிக்கை. சாதாரண ரத்தப் பரிசோதனைகள். வயதை ஏஎஸ்டியால் பெருக்கி, தட்டணு எண்ணிக்கையையும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் ஃபிப்-4 என்னும் எண் கிடைக்கும். 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தழும்பு அபாயம் குறைவு, மேலே என்றால் அடுத்த பரிசோதனை. 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு நம்பகமில்லை, 65-க்கு மேல் வரம்பு வேறு. இந்திய அரசு 2021-லேயே இந்த நோயைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. ஆனாலும் நான் பார்த்த சர்க்கரை நோயாளிகளின் கோப்புகளில் இந்த எண் இருந்ததில்லை. சித்தப்பாவின் பழைய கோப்பை எடுத்து, அவர் இறப்பதற்கு ஐந்து வருடம் முந்தைய அறிக்கையிலிருந்து நானே போட்டுப் பார்த்தேன். 2.9 வந்தது. நான்கு எண்களும் இரண்டு தாள்களில் இருந்தன. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒல்லியாக இருந்தாரே!

இந்த வருடமும் ஆரோக்கிய வாரம் வந்தது. நான் இயந்திரத்தில் ஏற மறுத்துவிட்டேன். அக்கா ஏறினார், சிவப்புப் பட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். அன்று இரவு சித்திக்கு போன் செய்து, வயது, ஏஎஸ்டி என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு இவ்வளவுதான் சொன்னேன்: "சித்தப்பா குடிக்கல சித்தி. ரிப்போர்ட்டுலயே இருக்கு. நான் பார்த்துட்டேன்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அதை ஒரு தாள்ல எழுதிக் குடுய்யா" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதன் நீண்ட வடிவம்தான் இது.